பெரிய கிளாக்கரின் முதுகு

கித்தேரி அந்த மனிதரை அடையாளம் கண்டது முகத்தால் அல்ல, நகத்தால்.

மிளகு நெடி போகாத பலகைக் கொட்டகை அது. மண்சரிவில் வீடிழந்தவர்களுக்காக மஹ்ரூப் முதலாளி தன்னுடைய சரக்குக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்திருந்தார். அதன் மூலையில் ஒரு கட்டிலில் கிழவர் ஒருவர் கிடந்தார். பாரிசவாதத்தில் வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. வாய் கோணி, பேச்சும் போய்விட்டது. போர்வைக்கு வெளியே கிடந்த செத்த கையில் சுண்டுவிரல் நகம் மட்டும் நீளமாக, ஓரம் தேய்த்து வழவழப்பாக இருந்தது.

“மற்ற நகமெல்லாம் வெட்ட விடுவார். அதைத் தொட்டால் மட்டும் அழுவார்,” என்று அவருடைய மகள் அருந்ததி சிரித்துக்கொண்டே சொன்னாள். “தேயிலைத் தோட்டத்தில பெரிய கிளாக்கரா இருந்த காலத்திலயிருந்து அப்பாவுக்கு அப்பிடி ஒரு ஆசை.”

எந்தத் தோட்டம் என்று கித்தேரி கேட்டாள். அருந்ததி சொன்னது கித்தேரி பிறந்த தோட்டத்தின் பெயர்.

அவர் அங்கே கிளாக்கராக இருந்தபோது கித்தேரிக்குப் பதினொரு வயது. அம்மா மதலேனாள் பிள்ளை வலியில் விடிய விடியத் துடித்தாள். மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி வேண்டும். லொறி அசைய ஆபீஸிலிருந்து சீட்டு வேண்டும். அப்பா ஆபீஸுக்கு ஓடினார், கித்தேரி பின்னாலேயே ஓடினாள். பெரிய கிளாக்கர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த நகத்தால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். அப்பா அதற்கு முந்திய மாதந்தான் தொழிற்சங்கத்தில் சேர்ந்திருந்தார். “சங்கத்துக்காரனிட்டப் போய்க் கேள், அவன் லொறி அனுப்புவான்,” என்றார் கிளாக்கர். அப்பா சிமெந்துத் தரையில் விழுந்து கும்பிட்டார். கிளாக்கர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. லயத்துத் தொழிலாளர்கள் அம்மாவைத் தோளில் சுமந்துகொண்டு போகும்போது, பாதி வழியிலேயே அம்மாவும் வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டார்கள். அப்பா அதன்பிறகு குடித்தே செத்தார். டவுனில் தையல் மெஷின் வைத்துப் பிழைத்த சின்னம்மா கித்தேரியை வளர்த்தாள்.

லயத்துப் பிள்ளைகளுக்கு அவர் ‘பெரிய கிளாக்கர் ஐயா’தான். அவருக்கு ஆறுமுகநாதன் என்று ஒரு பெயர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் கிராமத்துக்கு வந்த நாள்முதல் அந்தப் பெயரை எத்தனையோ தடவை கேட்டும் கித்தேரிக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவள் அங்கே வந்தது வீடு கட்டிக் கொடுக்க. ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி மழையில் இலங்கையே வெள்ளக்காடானபோது, இரத்தோட்டைக்கு மேலே இருந்த இந்த ஆற்றோரக் கிராமத்தில் மலை சரிந்து வீடுகளை இழுத்துக்கொண்டு போயிற்று. மாத்தளை மாதா கோயில் சுவாமி அதைப் பூசையில் சொல்லி, கூரை இல்லாதவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று கேட்பது நம் வேலை அல்ல என்றார். பொங்கல் கழிந்ததும் கோயிலைச் சேர்ந்த இளவட்டங்களையும் பெண்களையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். மேசன் வேலைக்கு அவரோடு கரம்போர்ட் விளையாடும் சிநேகிதரான மக்கீன் பாஸ் வந்தார். ஆண்கள் கல் சுமந்தார்கள், பெண்கள் மண் குழைத்தார்கள், எல்லாரும் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் தங்கினார்கள்.

அருந்ததி அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர். கித்தேரியின் வயதுதான். வந்த முதல் நாளே அவள் தோள் வழியும் இரவல் சட்டையோடு நிற்பதைக் கண்ட கித்தேரி, யாரும் கேட்காமலே கோயில் துணி மூட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, கண்ணால் அளவு பார்த்து, கையாலேயே ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். அது சரியாகப் பொருந்தியதில் அருந்ததிக்கு ஆச்சரியம். அதிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் ஆற்றுக்குக் குளிக்கப் போனார்கள். அப்பா பாரிசவாதத்தில் விழுந்ததும், வந்துகொண்டிருந்த கலியாணப் பேச்சுகள் நின்றுபோனதை அருந்ததி சொன்னாள். மலை சரிந்தபோது அவரைத் தனியாக முதுகில் சுமந்துகொண்டு ஓடியதைச் சொன்னாள். கித்தேரிக்கு வாழ்க்கையில் அதுவரை சிநேகிதி என்று ஒருத்தி இருந்ததில்லை.

கொட்டகையிலிருந்து திரும்பிய அன்று கித்தேரி சாப்பிடவில்லை. மறுநாள் காலை அருந்ததியிடம் போய், பள்ளிக்கூடம் திறந்தால் அப்பாவை யார் பார்ப்பது என்று கேட்டாள். அதுதான் தெரியவில்லை என்றாள் அருந்ததி. “நான் இருக்கேன் டீச்சர்,” என்றாள் கித்தேரி.

அருந்ததி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுவாமிக்கு விஷயம் தெரிந்ததும், அந்த ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அவளை மெச்சினார்.

முதல் நாள் அருந்ததி படலையைத் தாண்டும்வரை கித்தேரி காத்திருந்தாள். பிறகு கட்டிலருகே ஒரு மூட்டையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“ஐயா, என்னைத் தெரியுதா? மதலேனாள் மகள். லொறிச் சீட்டுக் கேட்டு வந்தோமே.”

கிழவரின் கண்கள் அவள் முகத்தில் நின்றன. தெரியவில்லை. அது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. எத்தனை பேரை அப்படித் திருப்பி அனுப்பியிருப்பார், இவருக்கு எந்த மதலேனாள் என்று எப்படி நினைவிருக்கும்? ஆகவே அவள் நினைவூட்டினாள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம். அம்மா எப்படிக் கத்தினாள், எந்த இடத்தில் கத்துவதை நிறுத்தினாள், தோளில் சுமந்தவர்கள் எந்தத் திருப்பத்தில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குரலை உயர்த்தாமல், பிள்ளைக்குக் கதை சொல்வதுபோல் சொன்னாள். தண்ணீர்க் கோப்பையை அவருடைய நல்ல கைக்கு ஒரு சாண் எட்டாமல் வைத்தாள். அந்தக் கை காற்றைத் துழாவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி நனைந்தால் மாற்றவில்லை. அருந்ததி வரும் நேரம் பார்த்துத்தான் மாற்றினாள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவருக்கு விளங்கிவிட்டது. அவள் உள்ளே வரும்போதே கண்ணீர் வழியத் தொடங்கியது. கித்தேரி அதைத் துடைக்கவில்லை. மாலையில் மண் குழைக்கப் போகும்போது அவளுடைய கால்கள் இலேசாக இருந்தன. அருந்ததி வீட்டுச் சுவரை வேகமாக எழுப்பச் சொல்லி மக்கீன் பாஸை அவசரப்படுத்தினாள். இந்த வீடு முடியட்டும், அதற்குள் இவரைக் கிடத்தட்டும், சுவருக்குள்ளே கிடந்து காலமெல்லாம் இதையே நினைக்கட்டும் என்று ஆசைப்பட்டாள். மாலைச் செபத்தில் எல்லாரும் சேர்ந்து கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லும்போது, பிறர் குற்றத்தைப் பொறுக்கிற இடத்தில் வாயை மூடிக்கொண்டாள். நாவால் பொய் சொல்லக் கூடாது அல்லவா.

அப்பா ஏனோ சாப்பிட மாட்டேன் என்கிறார், நான் பள்ளிக்கூடம் கிளம்பினால் சேலையைப் பிடித்து இழுக்கிறார் என்று அருந்ததி ஆற்றங்கரையில் கவலைப்பட்டாள். “நீ ஒருத்தி இருக்கிறதாலதான் நான் நிம்மதியாப் போறன்,” என்றாள். கித்தேரி அவள் முதுகுக்குச் சோப்புப் போட்டாள். அன்றைக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ குத்தியது. ஆனால் காலையில் அந்த நகத்தைக் கண்டதும் குத்தல் போய்விட்டது.

ஒருநாள் மழை இருட்டிக்கொண்டு வந்ததால் பிள்ளைகளை நேரத்தோடு அனுப்பிவிட்டு அருந்ததி திரும்பிவிட்டாள். பலகைச் சுவருக்கு வெளியே கித்தேரியின் குரல் கேட்டு நின்றாள். முழுவதையும் கேட்டாள். பிறகு உள்ளே வந்தாள். கித்தேரியை ஏறிட்டும் பார்க்காமல் கோப்பையை எடுத்து அப்பாவின் வாயில் வைத்தாள். அவர் குடித்த வேகத்தில் புரையேறிற்று. அவரைப் புரட்டித் துணியை மாற்றினாள். அப்போதுதான் முதுகின் கீழே தோல் வெந்து, காசளவுக்குப் புண் வைத்திருப்பதைக் கண்டாள்.

“அப்பா,” என்றாள். “இவ சொல்லுறது உண்மையோ?”

கிழவர் கண்களை மூடிக்கொண்டார். அவள் இன்னொரு முறை கேட்டாள். நல்ல கை கட்டில் சட்டத்தை இறுகப் பற்றியது. கண் திறக்கவேயில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

கித்தேரியின் பக்கம் திரும்பினாள். “எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருப்பன். திருப்பிக் கதைக்க ஏலாத ஆளாப் பார்த்துத்தானே நீ கதைச்சனீ. அப்பாவும் உன்ர அப்பாவுக்கு அப்பிடித்தானே செய்தவர்.” பிறகு, “போ,” என்றாள்.

கித்தேரி மழையில் நனைந்துகொண்டே போனாள். தன்னையும் அந்த மனிதரையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொன்னது அவளுக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த சுவாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். செய்த பாவத்துக்காக மனம் வருந்துகிற மனஸ்தாபம் இருக்கிறதா என்று சுவாமி கேட்டார்.

“அந்த ஆளை அழ வச்சதுக்கு இல்ல சாமி. டீச்சருக்குத் தெரிஞ்சுபோச்சே, அதுக்குத்தான்.”

பிரசங்கத்தில் அவளை மெச்சியது சுவாமிக்கு நினைவு வந்திருக்க வேண்டும். “அப்ப இன்னைக்குப் பாவமன்னிப்புத் தர முடியாது மகள்,” என்றார். “உண்மையைச் சொன்னதே பெரிசு. அதை வச்சுக்கொண்டு இரு. பிறகு வா.”

மறுநாள் காலை அவள் இரத்தோட்டை பஸ்ஸைப் பிடிக்கத் துணிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது அருந்ததி வந்து வாசலில் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

“எங்க ஓடுறாய்? அந்தப் புண் உன்னால வந்தது. அது ஆறுமட்டும் நீதான் கழுவிக் கட்டோணும். நான் பக்கத்தில இருந்து பார்ப்பன்.”

அது மன்னிப்பல்ல. பழி தீர்க்க நினைக்கிறவளின் பார்வை எப்படி இருக்கும் என்று கித்தேரிக்குத் தெரியாதா? இருந்தும் மூட்டையை அவிழ்த்தாள். அருந்ததியை விட்டுப் போவதைவிட அவளுடைய தண்டனையில் இருப்பது மேலாகத் தோன்றியது.

முதல் நாள் சீழ் நாற்றத்தில் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அருந்ததி கைகட்டி நின்றாள். கித்தேரி திரும்பி வந்து, வேப்பிலை போட்டுக் காய்ச்சிய நீரால் புண்ணைக் கழுவி, இரத்தோட்டை டிஸ்பென்சரியில் வாங்கிய களிம்பைத் தடவி, பழைய துணியைக் கிழித்துக் கட்டினாள். அம்மாவுக்கு இப்படி ஒருத்தரும் செய்யவில்லையே என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சு எரிந்தது. எரிய எரியக் கழுவினாள். கை மட்டும் மெதுவாக இருந்தது. தையல்காரியின் கை, அதற்கு முரட்டுத்தனம் வராது.

சில நாள் பேச்சில்லாமல் போயிற்று. பிறகு ஒருநாள் அருந்ததி பக்கத்தில் உட்கார்ந்து, “சொல்லு,” என்றாள். “அவருக்குச் சொன்னதெல்லாத்தையும் எனக்கும் சொல்லு. அவரும் கேட்கட்டும்.”

கித்தேரி சொன்னாள். கிழவர் முகத்தைப் பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டார். தாகத்தில் தவித்தபோதுகூட அவர் அப்படி ஒடுங்கியதில்லை. மகள் முன்னால் அது வெளிவந்ததுதான் அவருக்குப் பெரிய தண்டனை என்று கித்தேரிக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அது இனிக்கவில்லை, ஏனென்றால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அருந்ததியின் முகத்தை.

சொல்லி முடித்ததும் அருந்ததி எதிர்பாராத ஒன்றைக் கேட்டாள். உன் அம்மா எப்படிப்பட்டவள், சிரிப்பாளா, எப்படிச் சமைப்பாள் என்று கேட்டாள். கித்தேரி திகைத்துப்போனாள். அம்மா சாவதை மட்டுமே அவள் இத்தனை காலம் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள். அம்மா உயிரோடு இருந்ததை யாரும் கேட்டதில்லை, அவளும் நினைத்ததில்லை. ரொட்டி சுடும்போது முதல் ரொட்டியைக் கிள்ளி எல்லார் வாயிலும் ஊட்டுவாள் என்றாள். கொழுந்துக் கூடையில் காட்டுப்பூவை ஒளித்துக் கொண்டுவருவாள் என்றாள். சொல்லச் சொல்ல இன்னும் வந்தது. புண்ணுக்குக் கட்டிக்கொண்டே அழுதாள். அருந்ததி துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னொரு நாள் கட்டுப் போடும்போது கிழவரின் நல்ல கை அவளுடைய மணிக்கட்டைப் பற்றியது. கோணிய வாய் அசைந்து ஏதோ சத்தம் வந்தது. மன்னிப்புக் கேட்டாரா, வலிக்கிறது என்றாரா, திட்டினாரா, தெரியவில்லை. அருந்ததிக்கும் விளங்கவில்லை. கித்தேரி அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு முடிச்சைப் போட்டாள்.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் தொடங்குமுன் வீடு முடிந்தது. கல் அத்திவாரம், மண் சுவர், தகரக் கூரை. மக்கீன் பாஸ் வாசற்படியைத் தானே தேய்த்து மெழுகினார். புண்ணும் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. கிழவரை உள்ளே கொண்டுபோய்க் கிடத்தி, அருந்ததி பால் காய்ச்சினாள். கித்தேரி உள்ளே போகவில்லை. அருந்ததியே இரண்டு கிளாஸில் பாலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து அவளோடு முற்றத்தில் நின்று குடித்தாள்.

புறப்படும் நாள் காலையில் கித்தேரி மறுபடியும் சுவாமியிடம் போனாள். “இன்னும் மன்னிக்கல்ல சாமி,” என்றாள். “ஆனா புண் ஆறினப்ப சந்தோசமா இருந்திச்சு. அது எப்பிடின்னு எனக்குத் தெரியல்ல.” சுவாமி வேறொன்றும் கேட்காமல் கையை உயர்த்திப் பாவமன்னிப்புக் கொடுத்தார்.

பிறகு பள்ளிக்கூட விடுமுறைகளில் அருந்ததி மாத்தளைக்கு வந்து கித்தேரி வீட்டில் தங்குவதும், சட்டை தைத்துக்கொண்டு போவதும் வழக்கமாயிற்று. கித்தேரி அந்த மலைக்கிராமத்துக்குப் போகவில்லை. போனது கிழவர் இறந்த செய்தி வந்தபோதுதான். அப்போது இரண்டு வருடமாகியிருந்தது. இரத்தோட்டையில் பஸ் மாறி, மழையில் ஏறி நடந்து போனாள். பிரேதத்தின் அருகே அருந்ததி தனியாக உட்கார்ந்திருந்தாள். கித்தேரி பிரேதத்தின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை.

“நான் அவருக்காக வரல்ல அருந்ததி. உனக்காக வந்தேன்,” என்றாள்.

“தெரியும்,” என்று சொல்லி அருந்ததி பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.