புதுநன்மைக் கவுன்

பாளையங்கோட்டைத் தெரசாவின் பெயரில் எவனோ அவள் பணத்திலேயே ஆன்லைனில் பொருள் வாங்குவது இது மூன்றாவது தடவை. முதலில் செல்போன், அடுத்து கைக்கடிகாரம். இரண்டு தடவையும் தம்பி ரெக்சன் ஏரலிலிருந்து வந்து, "எந்தக் களவாணிப்பயலோ!" என்று ஏசிக்கொண்டே பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்துப் போனான்.

இந்தத் தடவை வாங்கியிருந்தது எட்டு வயதுப் பிள்ளைக்கான வெள்ளைக் கவுனும் பூமுடியும். ரெக்சன் மகள் ஜாய்சிக்கு அடுத்த மாதம் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை. அந்த உடுப்பை ஞானத்தாய்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஜாய்சியின் ஞானஸ்நானத்தில் தாயாக நின்ற அந்த ஞானத்தாய் தெரசா.

அவள் ரெக்சனுக்குப் போன் போட்டாள்.

"கவுன் நீதான எடுத்த, லே?"

"எப்படியும் நீதானக்கா எடுக்கணும். நானே எடுத்துட்டேன். அதுல என்ன?"

"போனும் வாட்சும் எந்தப் பிள்ளை புதுநன்மைக்குலே?"

"வெளிய சொல்லாதக்கா. மானம் போயிரும்."

"களவாணிப்பயன்னு நீ ஏசுனப்ப நானும் சேந்துல்லா ஏசுனேன். பக்கத்துல இருந்து சிரிச்சியாலே?"

போனை வைத்துவிட்டுத் தெரசா நேரே சைபர் போலீசுக்குப் போனாள். யார் மேலாவது சந்தேகமா என்று ஏட்டு கேட்டார். ரெக்சன் பெயரையும் விலாசத்தையும் சொன்னாள்.

"தெரிஞ்ச ஆளாம்மா?"

"கூடப் பிறந்தவன். எழுதுங்க."