வலது கையில் குவளை

சந்தேகம் எனக்குப் பசி மாதிரி, வேளை தவறாமல் வந்துவிடும். வண்டிக்குப் படம் போடுகிற தொழிலில் பதினோரு வருஷம் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். நைரோபியில் மட்டாட்டு என்கிற தனியார் மினிபஸ் ஒன்று புதிதாகச் சாலையில் இறங்குகிற வரைக்கும் அதன்மேல் என்ன படம் என்பது பட்டறைக்கு வெளியே ஈ காக்கைக்குக்கூடத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் எதிர்ப் பட்டறைக்காரன் ஒரு வாரம் முந்திக்கொண்டு அதே படத்தோடு இறக்கிவிடுவான். அதற்குப் பிறகு நம் வண்டி எத்தனை அழகாக இருந்தாலும் அது காப்பிதான். கயோலே பேட்டைப் பிள்ளைகள் அதில் ஏற மாட்டார்கள். அடுத்த வண்டி வரட்டும் என்று வெயிலில் நிற்பார்கள்.

அதனால் தார்ப்பாய்க்குள்தான் வேலை செய்வேன். டீ கொண்டுவருகிறவள் தார்ப்பாய்க்கு வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். கூட வேலை பார்க்கிறவர்களிடம்கூட, தேவையான பக்கத்தை மட்டும்தான் காட்டுவேன். 'மும்புவா மூக்கு சிந்துனாக்கூட கைக்குட்டைய ஒளிச்சு வச்சிருவா' என்று ஒடேரா என்னைக் கிண்டலடிப்பான். அடித்தால் அடிக்கட்டும்.

ஒடேராவும் நானும் கரியோபாங்கி பட்டறையில் எட்டு வருஷமாக ஒன்றாக வேலை செய்கிறோம். வண்டிக்கு வெளிப்பக்கம் நான், உள்பக்கம் அவன். ஸ்பீக்கர், விளக்கு, பாட்டு எல்லாம் அவன் பொறுப்பு. உமோஜாவில் அவனுக்கு ஒற்றை அறை. சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி, கதவில் கம்பளியைத் தொங்கவிட்டு, அங்கேதான் எங்கள் பக்கத்துப் பாடகர்களை எல்லாம் பதிவு செய்வான். அவர்களில் ஒருவன்தான் சிமியு.

சிமியுவின் பாட்டை எந்த வானொலியும் போட்டதில்லை. மட்டாட்டுகள்தான் அவனுடைய வானொலி. பாடுவான், ஒடேரா பதிவு செய்வான், நான் அட்டைப்படம் வரைவேன், நடத்துநர்கள் வாங்கிப் போவார்கள், நாலே நாளில் கிழக்கு நைரோபி முழுக்க அது ஓடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் அவன் இல்லை.

காதோனி மேடம் முப்பத்து மூன்று இருக்கை வண்டி ஒன்றைக் கொண்டுவந்து என்ன படம் போடலாம் என்று கேட்டபோது, 'சிமியு' என்று சொன்னது ஒடேராதான். தன் போனில் எடுத்திருந்த ஒரு படத்தை எனக்கு மட்டும் அனுப்பினான். சிமியு எனாமல் டீக் குவளையைக் காதில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே யாரோ பாடுவது மாதிரி கண்ணை மூடிக் கேட்கிற படம். குவளை இடது கையில். எல்லாவற்றுக்கும் அவனுக்கு இடது கைதான். இடது கையால் உகாலிக் களி பிசைந்து ஊர் முழுக்கத் திட்டு வாங்கியவன். அந்தப் படம் உலகத்தில் இரண்டே போனில்தான் இருந்தது.

ஒரு பாட்டும் இருந்தது. சிமியு கடைசியாகப் பாடியது. அந்தப் பதிவுக்கு வருகிறேன் என்று நான் சொல்லியிருந்தேன். ஒரு வண்டியின் பெயின்ட் காயாமல் கழுத்தறுத்ததால் போகவில்லை. ஒன்பதே நாளில் அவன் செத்துப்போனான். அந்தப் பாட்டை ஒடேரா யாருக்கும் போட்டுக் காட்டவில்லை, எனக்குக்கூட. கேட்டால், வண்டி இறங்குகிற அன்றைக்கு வண்டியில் கேள் என்பான்.

ஒரு முகத்தை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் பழைய தகரத்தில் ஒருமுறை அடித்துப் பார்ப்பது என் வழக்கம். முகத்தின் வடிவத்தை வெட்டியெடுத்த அட்டையை வைத்து, வண்ணத்தை அடுக்கடுக்காகத் தெளிக்க வேண்டும். சிமியுவை அடித்த அன்றைக்கு என்ன நினைப்போ, அட்டையைத் திருப்பி வைத்துவிட்டேன். முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் முகம் அச்சு அசலாக அவன்தான், ஆனால் குவளை வலது கையில். ஒடேரா பார்த்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான். தகரத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாத்தினேன். அப்படி வைத்தால் யார் கண்ணிலும் படாது, தொழில் ரகசியமும் தப்பியது, என் மானமும் தப்பியது. வண்டியில் அட்டையைச் சரியாக வைத்து அடித்தேன். பின்பக்கம் முழுக்க இடது கைச் சிமியு. பதினோரு வருஷத்தில் நான் அடித்த எந்த முகமும் அதற்குக் கிட்டே வராது.

அந்த வாரத்தில்தான் பின்வேலி ஓட்டையைப் பார்த்தேன். ரயில் பாதைப் பக்கம் தகர வேலியில் ஆள் நுழைகிற அளவுக்குத் துரு தின்றிருந்தது. அதன் வழியாக ஒரு கண் என்னைப் பார்த்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான் எதிர்ப் பட்டறை. எங்கள் வெல்டர் கிலோன்சோவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, அது ஆடு என்றார். ஆட்டுக்குப் பின்னால் ஆள் இருக்கும் என்றேன். இன்றைக்கே அடைத்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மாலையில் போய்ப் பார்த்தபோது ஓட்டை அடைபட்டிருந்தது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த சனிக்கிழமை வண்டி இறங்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை ஜோகூ சாலையில் நடந்து வந்துகொண்டிருந்தேன். ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு புது வண்டி என்னைத் தாண்டிப் போனது. அதன் பின்பக்கத்தில் சிமியு. காதில் குவளை. கண் மூடியிருந்தது.

உட்கார இடம் தேடி ஒரு கடை வாசலில் உட்கார்ந்தேன். அடுத்த நிமிஷமே கணக்குப் போட்டுவிட்டேன். படம் இரண்டு போனில் இருக்கிறது. ஒன்று என்னுடையது. நான் கொடுக்கவில்லை.

பட்டறைக்குள் நுழைந்தபோது ஒடேரா இருக்கைக்கு அடியில் படுத்து ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் அவன் காலாட்டிக்கொண்டு சீட்டியடித்ததுகூட எனக்குக் குற்றமாகத்தான் பட்டது.

"யாருக்குடா குடுத்த?" என்றேன்.

வெளியே வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. காலையிலேயே போய் அந்த வண்டியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். அதுவும் என் சந்தேகத்துக்கு எண்ணெய்தான் வார்த்தது.

"அந்த வண்டிய நல்லா பாத்தியா?" என்று கேட்டான்.

"பாத்தேன்."

"நின்னு பாத்தியா, ஓட்டத்துல பாத்தியா?"

"பாத்த வரைக்கும் போதும். அந்தப் படம் உன்கிட்டயும் என்கிட்டயும்தான் இருக்கு. நான் குடுக்கல."

அவன் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தான். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். இப்போது யோசித்தால், கொடுத்தது நீதானா என்று நான் கேட்பேன் என எதிர்பார்த்திருக்கிறான். நான் கேட்கவில்லை. எட்டு வருஷத்தில் அவன் செய்த சின்னச் சின்ன விஷயத்தையெல்லாம் தோண்டியெடுத்து, அன்றைக்கு ஏன் தண்டவாளத்தைத் தாண்டிப் போய் மீன் தின்றாய் என்பது வரைக்கும் இழுத்து வந்தேன். அவன் எழுந்து, பாட்டுகள் இருந்த தன் பெட்டியை வண்டியிலிருந்து கழற்றினான். துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தான். ஒயர்களை ஒழுங்காக முடிந்து ஒட்டிவிட்டுத்தான் போனான்.

மறுநாள் காதோனி மேடம் வந்தார். சத்தம் போடுகிறவர் இல்லை. வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு என்னிடம் சொன்னார்.

"மூஞ்சி அவங்ககிட்டயும் இருக்கு. ஆனா அந்தப் பையனோட கடைசிப் பாட்டு அவங்ககிட்ட இல்ல. பாட்டு நம்ம வண்டியில இருந்தா, அசல் நாமதான், அவங்க காப்பி. வெள்ளிக்கிழமைக்குள்ள பாட்ட வாங்கு. வரலைன்னா மூஞ்சிய அழிச்சிட்டு சிங்கத்தப் போடு. இறக்குறத ரெண்டு வாரம் தள்ளிக்கலாம்."

காட்டிக்கொடுத்தவன் காலில் விழுந்து பாட்டு கேட்பதா? வியாழக்கிழமை முழுக்க வீம்பிலேயே போனது. போனை நான் எடுக்கவும் இல்லை, அது அடிக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை நெரிசலில் என் மட்டாட்டு அசையாமல் நின்றது. முன்னால் நின்றது அந்த வண்டி. வேறு வழியில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுமாரான கை. கன்னத்தில் நிழல் விழவில்லை, உதடு தடித்துவிட்டது. குறை கண்டுபிடித்துக்கொண்டே காதுக்கு வந்தேன், குவளைக்கு வந்தேன்.

குவளை வலது கையில் இருந்தது.

போனை எடுத்து ஒடேரா அனுப்பிய படத்தைப் பார்த்தேன். இடது கை. எங்கள் வண்டியிலும் இடது கை. சிமியுவை வலது கைக்காரனாக்கிய தகரம் இந்த உலகத்திலேயே ஒன்றுதான். அதை அடித்தவள் நான்.

இறங்கிப் பட்டறைக்கு ஓடினேன். தகரம் சாத்தியிருந்த சுவர் காலியாக இருந்தது. கிலோன்சோவிடம் கேட்டேன். அவர் முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேலி ஓட்டைய அடைக்கணும்னு நீதானம்மா குதிச்ச? செவுத்துல ஒரு வெறுந்தகரம் சாஞ்சிருந்துச்சு, அளவும் சரியா இருந்துச்சு. அப்படியே தூக்கி வச்சுப் பத்தவச்சிட்டேன்."

"அந்தப் பக்கத்தப் பாக்கலியா?"

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

நான் எப்போதும் முன்வாசல் வழியாகத்தான் வருவேன், போவேன். அன்றைக்குத்தான் வேலியைச் சுற்றிக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் போனேன். தண்டவாளத்துக்கு முகம் காட்டி, ஆளுயரத்துக்கு, கண்ணை மூடிக்கொண்டு நின்றான் சிமியு. அவனுக்குக் கீழே ஒருத்தி அடுப்பு வைத்து மந்தாசிப் பணியாரம் பொரித்துக்கொண்டிருந்தாள். இந்த இடம் நல்ல ராசி என்றாள். பத்து நாளாக எல்லோரும் இங்கே நின்று போட்டோ எடுக்கிறார்களாம், எடுத்துவிட்டு ஆளுக்கு நாலு வாங்கிப் போகிறார்களாம். அந்தப் பக்கத்துப் பட்டறை ஆட்கள்கூட வந்து, அளவெல்லாம் பார்த்து எடுத்தார்களாம். பக்கத்தில் கட்டியிருந்த ஆடு என்னைப் பார்த்தது.

உமோஜாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒடேரா கம்பளியைத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தான். வா என்றான். டீ ஊற்றித் தந்தான். தகரத்தைப் பற்றி முழுதும் சொன்னேன். தப்பு என்னுடையது என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"வலது கையப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு," என்றான். "அட்டையத் திருப்பி வச்சது யாருன்னு. அவங்க எப்படிக் காப்பியடிச்சாலும் அந்தக் கன்னம் நீ வரைஞ்சதுதான். எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்டா சொல்லல?"

"சிமியு கையில இடது வலது மாத்தி நான் குடுப்பேனான்னு நீதான் யோசிச்சிருக்கணும்."

பாட்டைத் தரச் சொல்லிக் கேட்டேன். சனிக்கிழமை இறக்கலாம், மேடம் ஒத்துக்கொள்வார், சிமியு முகம் தப்பிக்கும் என்று கடகடவென்று சொல்லிக்கொண்டே போனேன். அவன் டீக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நேத்துக் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"அந்த வண்டிக்காரங்களுக்கு. ரெண்டு நாள் நீ வருவன்னு உக்காந்திருந்தேன். நீ கேக்காமலே முடிவு பண்ணிட்ட. அவங்க வந்தாங்க. செத்தவன்கூட இருந்தவரு நீங்கதானேன்னு மரியாதையா கேட்டாங்க. அவன் பாட்டு ரோட்டுல ஓடணும். யாரு வண்டியிலன்னா அவனுக்கு என்ன?"

அவன் செய்யாத குற்றத்தை அவன்மேல் சுமத்தினேன். சுமத்திய பிறகுதான் அது நடந்திருக்கிறது. என் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன்.

சாயங்காலம் பெயின்ட் தெளிக்கிற துப்பாக்கியில் சாம்பல் நிறப் பூச்சை ஊற்றினேன். முதலில் குவளையை அழித்தேன், பிறகு கையை. முகத்துக்கு வந்தபோது கிலோன்சோ, தான் அடிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சிமியுவைத் தெரிந்த கையே அடிக்கட்டும் என்று நினைத்தேன். அடித்து முடித்துவிட்டு, தார்ப்பாய்க்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். அங்கே யாரும் பார்க்க முடியாது, அந்த ஏற்பாட்டைச் செய்தவளும் நானேதான்.

சனிக்கிழமை மத்தியானம் நிறுத்தத்தில் நின்று, இரண்டு வண்டிகளை விட்டுவிட்டு, அந்த வண்டியில் ஏறினேன். கடைசி இருக்கை. என் முதுகுக்குப் பின்னால், தகரத்துக்கு அந்தப் பக்கம், வலது கைச் சிமியு. நடத்துநர் கூரையைத் தட்டினான், வண்டி கிளம்பியது, பாட்டைப் போட்டார்கள்.

முதலில் பாட்டு வரவில்லை. அறைச் சத்தம் வந்தது, நாற்காலி இழுபடுகிற சத்தம். பிறகு ஒடேராவின் குரல், "ஆரம்பிடா, நேரமாச்சு." அப்புறம் சிமியு.

"மும்புவா வரல இன்னும்."

"அவ வரமாட்டா. அவளுக்குப் பெயின்ட் காயலியாம்."

"வரேன்னு சொன்னாள்ல, வருவா. கொஞ்சம் இருக்கலாம்டா."

அதற்குப் பிறகு பதிவில் ஒன்றுமில்லை. தூரத்தில் ஒரு நாய் குரைத்தது, யாரோ டீ உறிஞ்சினார்கள். ஒடேரா அதை வெட்டவே இல்லை. பக்கத்தில் இருந்த பெண், பாட்டு நின்றுவிட்டதா என்று கேட்டாள். இல்லை, காத்திருக்கிறார்கள் என்றேன்.

வண்டி இரண்டு நிறுத்தங்களைத் தாண்டிய பிறகுதான் அவன் பாட ஆரம்பித்தான். அத்தனை நேரம் எனக்காகக் காத்திருந்திருக்கிறான். நான் ஒடேராவுக்காக ஒரே ஒரு கேள்வி கேட்கிற நேரம்கூடக் காத்திருக்கவில்லை.