நீலின் சீட்டும் நான் தைத்த கவுனும்

என் எண்பத்திரண்டு கிலோவால் இந்த உலகத்துக்கு ஒரு பிரயோஜனம் உண்டு என்பது ஐம்பத்துநான்காவது வயதில்தான் எனக்குத் தெரிந்தது. வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட்டில், காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, என் அண்ணன் மகள் ஆஞ்சலாவின் கணவர் கில்பர்ட் அதைச் சொன்னார்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க முழங்கால இந்த சீட்டு உள்ள வச்சு நல்லா அழுத்துங்க. என் வெயிட் பத்தல."

கில்பர்ட் ஒடிசலான ஆள். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மனைவியின் ஆபீஸ் வைட்ஃபீல்டில் இருப்பதால் தினமும் ஊரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய் வருகிறார். நாள் முழுக்க இரும்புத் துண்டுகளை அளந்து பார்த்து, இது தேறும் இது தேறாது என்று ஒதுக்குவது அவர் வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வரும். குழந்தைக்கு வாங்கிய கார் சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, கூட வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்துவிட்டுத்தான் வண்டிக்குள் வைத்தார்.

நான் முழங்காலை ஊன்றி அழுத்தினேன். அவர் கார் பெல்ட்டை சீட்டின் பின்பக்கத் துளைக்குள் விட்டு, மறுபக்கம் வாங்கி, பூட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். பிறகு பெல்ட் போகும் இடத்தில் கையை வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

"ஒரு இஞ்ச்சுக்கு மேல ஆடக்கூடாது. இப்ப பாருங்க, ஆடவே இல்ல. சூப்பர் ஆன்ட்டி!"

எனக்கு ஒன்றும் சூப்பராக இல்லை. என் இடத்தைப் பிடுங்கிக்கொள்ள வந்த சாமானை நானே ஏறி மிதித்துப் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். இதைவிடப் பேஜாரான வேலை உண்டா?

விஷயம் இதுதான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆஞ்சலாவின் நாலு மாதப் பிள்ளை நீலுக்கு ஞானஸ்நானம். கன்டோன்மென்ட் பக்கம் எங்கள் பழைய கோவிலில், பதினோரு மணிக்கு. கோவிலில் பிள்ளையை ஏந்தி அதற்குப் பொறுப்பேற்கும் ஞானத்தாய் நான்.

எங்கள் குடும்பத்தில் இதுவரை ஏழு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. ஏழு கவுனும் நான் தைத்தவை. நீலசந்திராவில் என் தையல் கடை. கல்யாண கவுன், முதல் நற்கருணை கவுன் என்றால் தேடி வருவார்கள். ஆனால் அந்த ஏழு பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூட என்னை ஞானத்தாயாக இருக்கச் சொல்லவில்லை. கல்யாணம் ஆகாதவளிடம் கொடுக்க எல்லோருக்கும் ஒரு தயக்கம். திருச்சபையில் அப்படி ஒரு சட்டமே கிடையாது என்று பங்குச் சாமியார் சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் கேட்டதில்லை. கவுனை இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டு, கோவிலில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். ஆஞ்சலாதான், "என் பிள்ளைக்கு ஐரின் அத்தைதான்" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

எங்கள் வீட்டு வழக்கப்படி, கவுன் போட்ட பிள்ளையை அம்மா வாசலில் வைத்து ஞானத்தாய் கையில் கொடுப்பாள். அதன் பிறகு கோவிலின் ஞானஸ்நானத் தொட்டி வரைக்கும் பிள்ளை ஞானத்தாயின் மடியைவிட்டு இறங்கக்கூடாது. ஆட்டோவில் போனாலும் சரி, காரில் போனாலும் சரி. ஏழு தடவை அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். எட்டாவது தடவை என் மடி. அதற்காக ஒரு மாதம் ராத்திரி பகல் பார்க்காமல் கவுன் தைத்தேன். மேலே சாட்டின், உள்ளே இரண்டு அடுக்கு நெட், அதற்குள் கவுனைப் புடைப்பாக நிறுத்த விறைப்பான கேன்கேன் வலை, பிள்ளைக்கு உறுத்தாமல் இருக்கக் கடைசியில் மல் துணி.

"நான் கெட்டியா பிடிச்சுக்கறேன்டீ. பிடிக்கத் தெரியாதவளா நான்?" என்று சனிக்கிழமை மத்தியானமே ஆஞ்சலாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"அத்தை, நீங்க பிடிப்பீங்க. பிரேக் அடிச்சா யார் கையும் நிக்காது. சீட் இல்லாம இந்த வண்டி கிளம்பாது. அவ்ளோதான்."

பெண்ணுக்கு என் வாய். சின்ன வயதில் என் கடையிலேயே உட்கார்ந்து வளர்ந்தவள், வேறு எப்படி இருப்பாள்? சரி, மடி போனால் போகட்டும், கவுனாவது வீட்டு வாசலிலிருந்தே போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் கில்பர்ட் இன்னொரு குண்டைப் போட்டார். சீட்டில் குழந்தையைக் கட்டும் வார்கள் இரண்டு தோளிலிருந்தும் இறங்கி வந்து, கால்களுக்கு நடுவில் இருக்கும் பூட்டில் மாட்டுமாம். கால் வரை மூடிய நீள கவுன் போட்டால் நடுவில் பூட்டு எப்படி வரும்?

"இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்றேன். முப்பது வருஷமாகத் துணியோடு மல்லுக்கட்டுகிறவளிடம் வந்து சொல்கிறார் பாருங்கள். ஊசி நூலை எடுத்து உட்கார்ந்தேன். கவுனின் முன்பக்கம், சரியாகப் பூட்டு வரும் இடத்தை அளந்து, ஐந்து அடுக்கையும் சேர்த்து ஒரு திறப்பு வெட்டி, ஓரத்தைச் சுற்றிலும் லேஸ் வைத்து அடித்தேன். மேலே ஒரு மடிப்பு விட்டதால் திறப்பு இருப்பதே வெளியில் தெரியாது. பூட்டை அதன் வழியாக வெளியே எடுத்துக் காட்டியபோது ஆஞ்சலா கை தட்டினாள். கில்பர்ட் மட்டும் கவுனின் நெஞ்சுப் பகுதியை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"கொஞ்சம் பஃபா இருக்கே ஆன்ட்டி..."

ஆஞ்சலா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் விரலை எடுத்துக்கொண்டார். எனக்காக விட்டுக்கொடுக்கிறார்கள் என்று எனக்கும் புரிந்தது. புரிந்தும் புரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வீட்டு வாசலில் ஆஞ்சலா பிள்ளையை என் கையில் கொடுத்தாள். வெள்ளை கவுனில் நீல் ஒரு இட்லி மாதிரி இருந்தான். கண்ணு பட்டுவிடும் போலிருந்தது. லிஃப்ட்டில் நான்கு மாடி இறங்கும் வரை அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். லிஃப்ட் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போகக்கூடாதா என்றிருந்தது.

கில்பர்ட் அவனை வாங்கிச் சீட்டில் உட்கார வைத்தார். திறப்பு வழியாகப் பூட்டு சமர்த்தாக வெளியே வந்தது. தோள் வார்களை மாட்டி, கீழே தொங்கிய நாடாவை இழுத்து இறுக்கினார். பிறகு தோள் பக்கத்து வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார்.

"கிள்ளினா மடிப்பு வரக்கூடாது. வரல. ஓகே."

சொன்னாரே தவிர, முகம் ஓகேவாக இல்லை. கேக் டப்பாவை டிக்கியில் வைக்கப் பின்னால் போனார். வீட்டைப் பூட்டினோமா என்ற சந்தேகத்தில் ஆஞ்சலா மறுபடி மேலே ஓடினாள். நான் குழந்தைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தவள் சும்மா இருந்தேனா? தையல்காரி கை சும்மா இருக்காது. வாருக்குப் பக்கத்தில் கவுனை ஒரு விரலால் அமுக்கினேன். சாட்டின் உள்ளே போனது. நெட் போனது. கேன்கேன் போனது. விரல் போய்க்கொண்டே இருந்தது, பிள்ளையின் நெஞ்சு வரவே இல்லை.

டிசம்பர் மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருவார்கள். நான் டேப்பையே தொடமாட்டேன். "ஸ்வெட்டர கழட்டிட்டு வாம்மா. துணிக்கு அளவு எடுக்கறதா, உனக்கு எடுக்கறதா?" என்று கத்துவேன். நீலசந்திராவில் பாதிப் பெண்கள் அந்தத் திட்டை என்னிடம் வாங்கியிருக்கிறார்கள். இப்போது நானே ஐந்து அடுக்கு துணிக்கு மேல் வாரை இறுக்கவிட்டு, பிள்ளையை இறுக்கியதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிரேக் அடித்தால் துணி அமுங்கும். வார் இருந்த இடத்திலேயே இருக்கும். பிள்ளை?

பேசாமல் இருந்துவிடலாம். யாரும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ரோடு காலியாக இருக்கும். ஒரு மணி நேரப் பயணம், கில்பர்ட் நாற்பதுக்கு மேல் ஓட்டாத மனுஷர். எட்டுப் பிள்ளைக்குக் காத்திருந்து கிடைத்த ஒரே ஒரு காலை. இப்படியெல்லாம் மனம் சொன்னது. வெட்கத்தை விட்டு ஒத்துக்கொள்கிறேன், சொன்னது.

பூட்டைத் திறந்தேன். நாடாவை ஒரு நூல் அளவுகூடத் தளர்த்தவில்லை. கவுனைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறும் பனியனும் நாப்கினுமாக அவனை மறுபடி உட்கார வைத்துப் பூட்டினேன். வார்கள் அவன் தோளைத் தொடாமல் அந்தரத்தில் நின்றன. நடுவில் என் முஷ்டி முழுசாகப் போய் வந்தது.

டிக்கியை மூடிவிட்டு வந்த கில்பர்ட் அதைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியும், இல்ல?" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "புக்குல போட்டிருக்குது ஆன்ட்டி. மொத்தமான துணி போட்டு கட்டக்கூடாதுன்னு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"ரொம்ப ஆசையா தச்சீங்க. கேட் தாண்டறதுக்குள்ள எப்படியாவது சொல்லிடலாம்னுதான் இருந்தேன்..."

"என் ஆசைக்குப் புள்ளைய கட்டுவீங்களா? ஃபேக்டரில இப்படி ஒரு பீஸ பாஸ் பண்ணுவீங்களா நீங்க? பார்த்துக்கினே நிக்காதீங்க, இழுங்க!"

திட்டியது அவரைத்தான், கோபம் முழுக்க என் மேல். அவர் நாடாவை இழுத்தார். வார்கள் இறங்கி வந்து அந்தச் சின்னத் தோள்களில் படிந்தன. கிள்ளினேன், மடிப்பு வரவில்லை. இந்தத் தடவை எனக்கே நம்பிக்கை வந்தது.

மூச்சு வாங்க ஓடிவந்த ஆஞ்சலா பனியனில் இருந்த மகனைப் பார்த்துத் திகைத்தாள். "அத்தை! கவுன்?"

"கவுன் தனியா வரும். புள்ள சீட்ல வருவான். ஏறு, டைம் ஆவுது."

அவள் என் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தாள். ஏ.சி. குளிருக்கு என் துப்பட்டாவை வார்களுக்கு மேல் போர்த்தினேன். வண்டி கிளம்பியது. காலியாக இருந்த மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு, சரி ஐரின், கோவிலில் தூக்குவாய் அல்லவா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் நீலைப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளின் சீட்டை வண்டியின் பின்பக்கம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். முன்னால் இருந்த அம்மாவும் அப்பாவும் அவன் கண்ணுக்கே தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே முகம் என்னுடையது. அதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

கே.ஆர்.புரம் தொங்கு பாலம் வரை பார்த்தான். நான் மூக்கைச் சுருக்கினால் சிரித்தான். பழைய மெட்ராஸ் ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தபோது உதடு பிதுங்கியது. என் முகத்தைப் பார்த்தான், நான் பயப்படவில்லை என்று தெரிந்ததும் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டான். அவன் இடது புருவத்துக்கு மேல் கடுகளவு ஒரு மச்சம் இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன். அல்சூர் ஏரி தாண்டும்போது என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். எழுந்ததும் முதலில் நான் இருக்கிறேனா என்று பார்த்தான். என்னை யாரும் அப்படித் தேடிப் பார்த்ததில்லை. மடியில் வைத்திருந்தால் அவன் உச்சந்தலையைத்தான் வழியெல்லாம் பார்த்திருப்பேன்.

கோவில் வளாகத்தில் காரின் பின்சீட்டிலேயே அவனுக்கு கவுனை மாட்டினேன். தூக்கிக்கொண்டு இறங்கியதும் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். என் பெரியப்பா மகள் பெர்னதெத் அக்கா, அந்த ஏழில் மூன்று பிள்ளைகளுக்கு ஞானத்தாய், காருக்குள் எட்டிப் பார்த்துச் சீட்டைக் கண்டுகொண்டாள்.

"இதுலயா கட்டி எடுத்துக்கினு வந்தீங்க? ஐயோ பாவம். மடியில வைக்கக்கூட குடுக்கலியா உனக்கு?" என்று சொல்லிக்கொண்டே என் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

நீல் அவள் முகத்தைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. வீல் என்று கத்த ஆரம்பித்தான். அக்கா ஆட்டினாள், தட்டினாள், சாவிக்கொத்தைக் குலுக்கினாள். ஆஞ்சலா கை நீட்டினாள். அவன் அதையும் கவனிக்காமல் ஒவ்வொரு முகமாகக் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடினான். என் முகம் வந்ததும் நின்றான். அழுகையும் நின்றது. விக்கல் மட்டும் ஒன்றிரண்டு வந்தது.

"மடியில வைக்கல அக்கா," என்றேன். "வழியெல்லாம் என்னையே பார்த்துக்கினு வந்தான்."

கையை நீட்டினேன். அக்கா என் பிள்ளையை என்னிடம் கொடுத்தாள்.