கிரேன்காரி ஏன் தண்ணீர் குடிக்கவில்லை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு தலைவலி மருத்துவரின் வாசலில், காத்திருப்பவர்கள் உட்காரும் அறையில். கதை தேடி நான் அங்கே போகவில்லை, என் தலைக்காகப் போனேன். எனக்கு ஒற்றைத் தலைவலி. வந்து வந்து போய்க்கொண்டிருந்தது, ஒரு கட்டத்தில் கிளம்ப மனமில்லாத விருந்தாளி மாதிரி வீட்டோடு தங்கிவிட்டது.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண். வேலைக்குப் போடும் கனத்த பூட்ஸோடு வந்திருந்தாள். கைகளில் கிரீஸ் வாடை. வெயில் கொளுத்திய நாள் என்பதால் நர்ஸ் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இவள் டம்ளரை வாங்கினாள், உதட்டை நனைத்தாள், அப்படியே கீழே வைத்துவிட்டாள். உதடு வெடித்துக் கிடந்தது.

"தண்ணி பிடிக்காதா?" என்று கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

"குடிச்சா கீழ இறங்கணுமே" என்றாள்.

நாங்கள் இருந்ததே தரைத்தளம். சொன்ன பிறகுதான் அது அவளுக்கும் உறைத்தது போல. வெட்கமாகச் சிரித்தாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான், மிச்சமெல்லாம் நான் கட்டியது. ஜன்னலுக்கு வெளியே, எதிரில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தின்மேல் ஒரு கிரேன் நின்றது. பூட்ஸையும் கிரீஸையும் அந்தக் கிரேனையும் நானே முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அவள் ஒருவேளை லிஃப்ட் பழுது பார்ப்பவளாக இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும், என் கதையில் அவள் கிரேன்காரி.

2

முதல் வரிக்காக நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் பாருங்கள்.

"அவள் தலைக்குள் யாரோ சுத்தியலால்—"

(வேண்டாம். தலைவலி என்றாலே எல்லோரும் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இந்த வலி வந்தவர்களைக் கேளுங்கள். ஜன்னல் வெளிச்சமும் தாளிக்கிற வாசனையும் பகையாகிவிடும். அதுதான் கொடுமை.)

"மேகங்களுக்கு நடுவே தன்னந்தனியாக அவள்—"

(மேகமாவது மண்ணாவது. மேலே இருப்பது ஒரு நாற்காலி, இரண்டு லீவர், ஒரு வாக்கி-டாக்கி. சுற்றிலும் கண்ணாடி, கண்ணாடி முழுக்க வெயில்.)

"அன்று காலை அவள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்திருந்தால்—"

(இது கொஞ்சம் தேறும். ஆனால் இப்படித் தொடங்கினால், ஏதோ விபரீதம் வரப்போகிறது என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வரத்தான் வேண்டுமா?)

ஆகவே முதல் வரி இல்லாமலே தொடங்குகிறேன்.

3

அவள் வேலை செய்யும் கிரேன், கட்டி முடியாத கட்டடத்தைவிட உயரம். காலையில் ஏணியில் ஏறினால் மூச்சு முட்டும். அதனால் ஏறியவர்கள் வேலை முடிந்துதான் இறங்குவார்கள். மதியச் சாப்பாடு பையில் கயிறு கட்டி மேலே போகும். மேலே கழிப்பறை கிடையாது. (இதை நாசூக்காகச் சொல்ல முயன்றேன், வரவில்லை.)

கீழே இருப்பவர்கள் அவளை 'மேல்வீட்டம்மா' என்பார்கள். அவளுக்குக் கீழிருந்து சிக்னல் கொடுப்பவன் அவள் கணவனின் தம்பி. மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு தளத்தில் நின்றபடி வாக்கி-டாக்கியில் விடாமல் பேசுவான். "இறக்கு, இறக்கு, மெல்ல, ஒரு முழம், ஒரு சாண், நில்லு." அவன் பேச்சு நின்றால் அவள் கையும் நின்றுவிட வேண்டும். வீட்டில் 'வாங்க அண்ணி, சாப்பிட்டீங்களா அண்ணி' என்று குழைகிறவன், வாக்கி-டாக்கியில் மட்டும் 'இறக்கு, நில்லு' என்று அதட்டுவான். தலைக்குமேல் பாரம் தொங்கும்போது மரியாதைக்கு ஏது நேரம்? வீட்டுக்கு வந்ததும் அதற்கும் சேர்த்து இரண்டு மடங்கு மரியாதை கொடுப்பான். அவள் சிரிப்பாள்.

அந்த வேலையிடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிரேன் ஓட்டுகிறவர் நடுவில் இறங்கினால் கீழே எல்லா வேலையும் நின்றுபோகும். அப்போது கம்பி கட்டுகிறவர்கள் ஆளுக்கொரு துண்டுக் கம்பியை எடுத்து, தரையில் கிடக்கும் கம்பிகள்மேல் தட்டுவார்கள். டங், டங், டங் என்று, அவர் கடைசிப் படியில் கால் வைக்கும்வரை. "மேல்வீட்டம்மா எழுந்தருளுறாங்க, வழி விடுங்கப்பா!" என்று ஒரே கூச்சல், சிரிப்பு. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. முதல் தட்டு எப்போதும் கொழுந்தன் தட்டுவது, சொந்தக்காரன் என்ற உரிமையில்.

ஒற்றைத் தலைவலிக்காரியின் காதுக்குப் பக்கத்தில் இரும்போடு இரும்பு மோதும் சத்தம். நினைத்துப் பாருங்கள். இல்லை, நினைக்க வேண்டாம், எழுதும்போதே எனக்கு ஒரு பக்கம் விண்விண் என்கிறது. வேலைக்கு வந்த புதிதில் ஒரே ஒரு தடவை நடுவில் இறங்கினாள். அன்று வீடு போய்ச் சேர்வதற்குள் உயிர் போய் வந்தது. அதற்குப் பிறகு, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காவிட்டால் இறங்க வேண்டியதே இல்லை என்று கண்டுபிடித்தாள். தண்ணீர் குடிக்காததால் தலைவலி கூடியது. தலைவலி கூடக் கூட அந்தச் சத்தத்தின்மேல் இருந்த பயமும் கூடியது.

4

மருத்துவர் அறைக்குள் அவளோடு நான் போகவில்லை. ஆனால் அடுத்து எனக்குச் சொன்னதைத்தான் அவளுக்கும் சொல்லியிருப்பார்.

"லீவு நாள்ல எப்ப எழுந்திருப்பீங்க?"

"அன்னிக்குத்தான் டாக்டர் தூக்கமே. வெயில் ஏறுற வரைக்கும் தூங்குவேன்."

"தலைவலி?"

"அன்னிக்குத்தான் பிச்சு எடுக்கும்."

"உங்க தலைக்கு லீவு பிடிக்கல. தினமும் ஒரே நேரத்துக்குப் படுங்க, ஒரே நேரத்துக்கு எழுந்திருங்க. பசியைத் தள்ளிப் போடாதீங்க. மாத்திரையை வாரத்துல ரெண்டு நாளைக்கு மேல தொடாதீங்க. அடிக்கடி போட்டா மாத்திரையே தலைவலியைக் கூட்டிட்டு வந்துடும். வெயில் நேரா கண்ணுல விழாம பாத்துக்கோங்க. தண்ணி நல்லா குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேன் டாக்டர்."

கூசாமல் பொய் சொன்னாள். நானும் சொன்னேன், சாப்பாடு விஷயத்தில். எழுத உட்கார்ந்தால் மதியச் சாப்பாடு எனக்குச் சாயங்காலம்தான்.

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. வேளைக்குத் தூக்கம், வேளைக்குச் சாப்பாடு, தண்ணீர். இதை வைத்துக்கொண்டு யார் கதை எழுத முடியும்? தலைவலி வராமல் தடுப்பது என்றால் எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வது. கதைக்கோ ஏதாவது நடந்தாக வேண்டும். அவளுக்கு நல்லது எனக்கு ஆகாது, எனக்கு நல்லது அவளுக்கு ஆகாது.

எழுதியவரைக்கும் என் மாமியாரிடம் அவ்வப்போது படித்துக் காட்டுவேன். அத்தைக்கு இலக்கியம் எல்லாம் ஒரு பொருட்டில்லை, ஆட்கள் நல்லபடியாக வீடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

"அந்தப் பொண்ணு தண்ணி குடிச்சாளா இல்லையா?"

"இன்னும் இல்ல அத்தை."

"எழுதுறது நீதானே? ஒரு சொம்பு குடுத்துட்டுப் போறது. உனக்கென்ன செலவா?"

"குடுத்தா கதை முடிஞ்சிடும் அத்தை."

அத்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்கும் என் பதில் பிடிக்கவில்லை. அன்று முழுக்க மனசு ஒரு நிலையில் இல்லை.

5

அவள் ஒன்றுமே செய்யாமல் இல்லை. அநியாயமாகச் சொல்லக்கூடாது. தொப்பியின் முன்விளிம்பை இறக்கிவிட்டுக்கொண்டாள், கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டினாள். மாத்திரைப் பட்டையைப் பையிலிருந்து எடுத்து வீட்டு அலமாரியில் வைத்தாள். பையில் சாப்பாடு வந்ததும் வேலையை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டாள். லீவு நாளில் விடியலிலேயே எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"லீவு நாள்லகூட கிரேன் ஏறப் போறீங்களா அண்ணி?" என்று கொழுந்தன் கிண்டல் செய்தான்.

தலைவலி குறைந்தது. நன்றாகவே குறைந்தது. எனக்கு அதுதான் பயம். இவ்வளவு குறைந்துவிட்டதே, தண்ணீர் ஒன்றை மட்டும் விட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தாள். தலைவலியைக் கொழுந்தனிடம் சொல்லவில்லை. சொன்னால் எஞ்சினியர் காதுக்குப் போகும், கேபினில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள். அந்த நாற்காலியில் உட்கார அவள் பட்ட கஷ்டம்—

(இந்த இடத்தில் அவள் பழைய கதையை எழுதிப் பார்த்தேன். அடுத்த பகுதிக்குப் போகாமல் நழுவுவதற்காகத்தான் எழுதுகிறேன் என்று புரிந்ததும் அடித்துவிட்டேன்.)

6

கம்பிக் கட்டு ஒன்று, மேல்தளத்தில் இறக்குவதற்காகப் போய்க்கொண்டிருந்தது. தளத்தின் ஓரத்தில் மஞ்சள் தொப்பி. காலையிலிருந்து வெயில், காலையிலிருந்து வறண்ட வாய்.

முதலில் கண்ணோரத்தில் ஒரு மினுக்கம். பிறகு அது ரம்பப் பல் மாதிரி நெளிந்து நெளிந்து பெரிதானது. வலி இன்னும் வரவில்லை. வலிக்கு முன்னால் சிலருக்கு இப்படிக் கண் மறைக்கும், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். அவளுக்கும் இதற்குமுன் வந்ததுண்டு, ஆனால் எப்போதும் தரையில், வீட்டில், படுக்கையில்.

மஞ்சள் தொப்பியை நேராகப் பார்த்தாள். தொப்பி இல்லை. தொப்பி இருந்த இடமே இல்லை. பார்வையைச் சற்றுத் தள்ளி வைத்தால் ஓரத்தில் தெரிந்தது. நேராகப் பார்த்தால் மறுபடியும் மறைந்தது.

"இறக்கு, இறக்கு, மெல்ல" என்றது வாக்கி-டாக்கி.

லீவரை விட்டாள். கட்டு அந்தரத்தில் நின்று, காற்றில் மெல்லத் திரும்பத் தொடங்கியது.

"இறக்கு... ஏன் நின்னுட்ட? இறக்கு."

அவள் கண்ணை இறுக மூடித் திறந்தாள். கட்டைக் கையால் பிடித்துத் திருப்பினால்தான் இறக்குவாள் போலிருக்கிறது என்று நினைத்து, அவன் அதன் அடியை நோக்கி நடந்தான். அவளுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது.

7

முடிவுகள்.

முதல் முடிவு: அவன் குரலை மட்டும் நம்பி, கண் தெரியாமலே கட்டைப் பூப்போல இறக்கிவிடுகிறாள். ஒருவருக்கும் தெரியாது. எழுதி முடித்து நானே கைதட்டிக்கொண்டேன். பிறகு யோசித்தேன். நாளைக்கும் தண்ணீர் குடிக்காமல் ஏறுவாளே. அடித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவு: கம்பிக் கட்டு கொக்கியிலிருந்து—

மூன்றாவது முடிவு: வாக்கி-டாக்கியில் திடீரென்று குரல் மாறுகிறது. "அண்ணி? என்னங்க ஆச்சு? பேசுங்க அண்ணி." வேலை நடுவில் அவன் 'ங்க' போட்டு யாரும் கேட்டதில்லை. தளத்தில் அத்தனை பேரும் நிமிர்ந்து மேலே பார்க்கிறார்கள். அவள் விரல் பொத்தானுக்குப் போகிறது. அதை அழுத்தினால் எல்லார் வாக்கி-டாக்கியிலும் கேட்கும், எஞ்சினியருடையதிலும். அவள்

'அவள்' என்ற சொல்லில் நடு எழுத்தைக் காணவில்லை. கண்ணைக் கசக்கினேன். கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு மினுக்கம். காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை. ஜன்னல் வெளிச்சம் முழுக்க என் முகத்தில்.

"இன்னும் கொஞ்சம்தான் அத்தை. அவ பேசப் போறா" என்றேன், காலடிச் சத்தம் கேட்டு.

அத்தை ஜன்னல் திரையை இழுத்து மூடினார். ஒரு டம்ளர் தண்ணீரை என் கையில் திணித்தார். சாப்பாட்டுத் தட்டைச் சத்தம்கூட வராமல் மெதுவாகத்தான் வைத்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

"அவளை அப்படியே விட்டுட்டு எப்படி அத்தை வர்றது? கீழ அவன் நிக்கிறான்."

"நீ படுத்துட்டா அவளுக்கு யாரு இருக்கா? குடி முதல்ல."

குடித்தேன்.

8

இதை அத்தை எழுதுகிறார், நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல. (எழுத்துப் பிழை இருந்தால் அவரைக் கேளுங்கள்.)

நான் முடிக்கப் போவதில்லை. முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்தால், அவள் இறங்காமல் உட்கார்ந்திருப்பதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. என்னால் ஆனதைச் செய்துவிட்டேன். பொத்தானை அழுத்த வைத்துவிட்டேன். "எனக்குக் கண்ணு தெரியல. கட்டுக்குக் கீழ யாரும் நிக்காதீங்க" என்று சொல்ல வைத்துவிட்டேன். மஞ்சள் தொப்பி பின்னால் ஓடிவிட்டது. கட்டு அந்தரத்திலேயே நிற்கிறது. அவள் கண் தெளிந்து, அதைப் பத்திரமாக இறக்கிவிட்டு, ஏணிக்கு வருவாள். நாற்காலி அவளுக்குத் திரும்பக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது.

நாளைக்கு அவள் தண்ணீர் குடிப்பாளா என்பதும் என் கையில் இல்லை. அது கீழே இருப்பவர்களைப் பொறுத்தது. இவ்வளவு நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நீங்களும் அவர்களோடுதான் நிற்கிறீர்கள். எல்லார் கையிலும் பழக்கத்தில் எடுத்த ஒரு துண்டுக் கம்பி. கொழுந்தன் தன்னுடையதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

இதோ, முதல் படியில் கால் வைத்துவிட்டாள்.