பாதிச் சாவி

“உங்க பாதியை யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?”

“இல்ல மேடம்.”

பொய் வந்த வேகத்தில் அவளுக்கே ஒரு கணம் திகைப்பு. வாய் முந்திக்கொண்டது. மனசு மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவந்து சேர்ந்தபோது, விசாரணை அதிகாரியின் பேனா அந்த ‘இல்ல’யைக் காகிதத்தில் ஏற்றிவிட்டிருந்தது.

அவள் வேலை பார்த்தது அடையாள அட்டை அலுவலகத்தில். நாற்பது லட்சம் பேரின் அட்டை எண், விலாசம், பிறந்த தேதி, கைரேகை எல்லாம் அந்தக் கட்டடத்து டேட்டாபேஸில் இருந்தன. யாராவது சர்வரையே பெயர்த்து எடுத்துப்போனாலும் ஒன்றும் கிடைக்காது. உள்ளே எல்லாமே கோழி கிளறிய குப்பைபோலக் கலைத்துப் பூட்டப்பட்டிருக்கும். திறக்க முப்பத்திரண்டு எழுத்துச் சாவி ஒன்று உண்டு. சர்வர் ஒவ்வொரு முறை நின்று எழும்போதும் அதை அடித்தாக வேண்டும்.

அந்தச் சாவி முழுசாக எந்த மனிதருக்கும் தெரியக்கூடாது என்பது சட்டம். முதல் பதினாறு எழுத்து அவள் மண்டைக்குள் இருந்தது, அடுத்த பதினாறு பூட்டு அண்ணாவின் மண்டைக்குள். ஒருவர் அடிக்கும்போது மற்றவர் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். ஏழு வருஷமாக இப்படித்தான் நடந்தது. “இந்தச் சுவரைப் பாத்த அளவுக்கு என் பெண்டாட்டி முகத்தைப் பாத்ததில்ல தங்கச்சி” என்பார் அவர்.

பூட்டு அண்ணா என்பது அலுவலகம் வைத்த பெயர். மனிதர் காலி மேஜை டிராயரைக்கூடப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். உள்ளே ஒன்றுமில்லையே, எதற்குப் பூட்டு என்று டைப்பிஸ்ட் ஒருமுறை கேட்டாள். “திருடன் கஷ்டப்பட்டுத் திறந்து ஏமாறணும்ல” என்றார்.

அப்பேர்ப்பட்டவரின் கையில்தான் அவள் தன் பாதியைக் கொடுத்திருந்தாள். அதுவும் போனில்.

மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை அது. அம்மாவுக்குத் திடீரென்று முடியவில்லை, ஐசியூவில் சேர்த்திருக்கிறோம் என்று சொல்லி லீவு போட்டிருந்தாள். அம்மா அந்த நேரத்தில் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மகள் இருந்ததோ வேறொரு கம்பெனியின் தாழ்வாரத்தில், நேர்முகத் தேர்வுக்காக, இஸ்திரி போட்ட உடையும் ஃபைலுமாக. அடுத்த அழைப்பு அவளுடையது என்று சொல்லியிருந்தார்கள்.

போன் அடித்தது. அலுவலகப் பொது எண். சர்வர் விழுந்து எழுந்திருக்கிறது, கவுண்டர்களில் இருநூறு பேர் நிற்கிறார்கள் என்றார் பூட்டு அண்ணா. அதோடு விட்டாரா, “நீ வர வேண்டாம் தங்கச்சி, அம்மாவைப் பாரு. நாளைக்கு வாங்கன்னு எல்லாரையும் அனுப்பிடறேன்” என்றும் சொன்னார்.

அங்கேயே சரி என்றிருக்கலாம். ஆனால் இருநூறு பேரைத் திருப்பி அனுப்பினால் மேனேஜர் காரணம் கேட்பார். காரணம் கேட்டால் எந்த ஆஸ்பத்திரி என்பார். தேர்வு அறையின் கதவு வேறு திறந்துகொண்டிருந்தது.

“எழுதிக்கங்க அண்ணா” என்றாள், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு.

“வேண்டாம்மா. அது தப்பு.”

“உங்களைத் தெரியாதா எனக்கு? சொல்றேன், எழுதிக்கங்க.”

 கடைசியில், எழுதமாட்டேன், நீ சொல்லச் சொல்ல நேராக அடித்துவிடுகிறேன் என்றார். பதினாறு எழுத்து, இருபது வினாடி. முடிந்தது கதை.

முடியவில்லை. இப்போது நூற்றுப்பன்னிரண்டு பேரின் விவரம் வெளியே போயிருந்தது. அவர்களுக்கே தெரியாமல் அவர்கள் பெயரில் யாரோ போன் இணைப்புகள் வாங்கியிருந்தார்கள். ஒரு கிழவர் தன் பெயரில் பதினொரு போன் ஓடுவதைப் போலீஸ் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டார். மேலிடத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்து இறங்கினார். ஒல்லியான பெண்மணி. குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்தார். சர்வர் அறைக் கதவில் யார் யார் அட்டை தேய்த்தார்கள் என்ற பதிவு மேஜைமேல் கிடந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை சர்வர் அறைக்குள் போனது ஒரே ஒரு அட்டை, பூட்டு அண்ணாவுடையது. அடிக்கப்பட்டதோ இரண்டு பாதியும்.

“இவங்க அன்னிக்கு லீவு. இவங்க பாதி உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

 தேள் கொட்டிய திருடன்போல உட்கார்ந்திருந்தாள். சொல்லப்போகிறார், இதோ சொல்லப்போகிறார்.

பூட்டு அண்ணா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“தங்கச்சி அடிக்கறப்போ ஒருநாள் திரும்பிப் பாத்துட்டேன் மேடம். மனசுல நின்னுடுச்சு. இவங்களுக்கு எதுவும் தெரியாது.”

இவங்களுக்கு எதுவும் தெரியாது என்பது காதில் விழுந்தபோது அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தாள். காற்றுதான் வந்தது.

வெளியே படிக்கட்டில் ஓடிப்போய் அவரைப் பிடித்தாள். ஏன் அண்ணா என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். தன் மனைவி ஐசியூவில் கிடந்தபோது தான் ஏதோ அவசர வேலை என்று இங்கே உட்கார்ந்திருந்ததாகவும், போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்ததாகவும். “நீயாவது பக்கத்துல இருந்தியே. அதுக்கு ஒருத்தன் உன்னைக் கேள்வி கேக்கறதா? அம்மா இப்ப எப்படி இருக்காங்க?”

“பரவாயில்ல அண்ணா” என்றாள். ஒரு பொய்க்குக் காவலாக இன்னொன்று.

இரண்டு நாளில் திருடன் அகப்பட்டான். மூன்றாம் கவுண்டர் குமாஸ்தா, தன் திரையில் திறக்கும் ஒவ்வொரு விவரத்தையும் செல்போனில் படம்பிடித்துத் தரகனுக்கு அனுப்பியிருந்தான். அதற்கு எந்தச் சாவியும் தேவைப்படவில்லை. அலுவலகமே பெருமூச்சு விட்டது. பூட்டு அண்ணாவின் விஷயம் மட்டும் அப்படியே நின்றது. திருடவில்லை, சரி. ஆனால் சாவியை எட்டிப் பார்த்தவர், அதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டவர். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வேலைநீக்க உத்தரவில் கையெழுத்து ஆகும் என்று டைப்பிஸ்ட் கிசுகிசுத்தாள். உத்தரவை டைப் அடித்தவளே அவள்தான்.

வியாழக்கிழமை மாலை புதுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேரலாம்.

புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, திருடன்தான் பிடிபட்டுவிட்டானே என்றான். இப்போது போய்ச் சொன்னால் இங்கேயும் போகும், அங்கேயும் போகும். ரகசியத்தைப் போனில் ஒப்பித்தவளை எவன் பெட்டிச்சாவிக்குக் காவல் வைப்பான்?

“அவரா சொல்லித்தானே ஏத்துக்கிட்டாரு? நீயா கேட்ட?”

“நான் கேக்கல. தடுக்கவும் இல்ல.”

“அப்ப உன் இஷ்டம். தூங்க முடியுமான்னு மட்டும் யோசிச்சுக்க” என்றான். எந்தப் பக்கத்துக்குச் சொன்னான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

அப்போது பார்த்து அம்மா போன் செய்தாள். மாடிப்படி ஏறி இறங்கி முழங்கால் நன்றாகப் பழகிவிட்டதாம். அந்தக் குரலின் தெம்பு அவளை அறைந்தது. இந்தத் தெம்பான பெண்மணியைப் படுக்கையில் கிடத்தி, அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் இன்னொருவரின் செத்துப்போன மனைவியையும் கிடத்தி, அதன்மேல் ஏறி நின்று அவள் வேலை வாங்கியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அதிகாரியின் அறைக்குள் போனாள். உட்காரச் சொல்வதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். அவர் பார்க்கவில்லை, நான்தான் சொன்னேன், வேண்டாம் என்றவரிடம் வற்புறுத்திச் சொன்னேன், உங்களிடம் சொன்னது பொய்.

அதிகாரி பேனாவை மூடினார். “அன்னிக்கு எங்க இருந்தீங்க?”

“வேற வேலைக்கு இன்டர்வியூல மேடம்.”

“அம்மா?”

“வீட்ல. நல்லா இருந்தாங்க.”

 அதிகாரி மணியடித்துப் பூட்டு அண்ணாவை வரவழைத்தார். “எங்கிட்ட சொன்னதை இவர்கிட்டயும் சொல்லுங்க” என்றார்.

அதிகாரியிடம் சொன்னது இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. சொன்னாள். சொல்லும்போது அவர் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப அம்மா ஐசியூல இல்லையா?” என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

“இல்ல அண்ணா. ஒருநாளும் இல்ல.”

“நல்லது” என்றார் உடனே. முகம் ஒரு நொடி உண்மையிலேயே மலர்ந்தது. “நல்லா இருக்கட்டும்.” அப்புறம்தான் மீதி அவருக்குள் போய்ச் சேர்ந்தது. மலர்ந்தது மெல்லச் சுருங்குவதை அவள் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

உத்தரவைக் கிழித்தார் அதிகாரி. எட்டிப் பார்த்தேன் என்ற வாக்குமூலம் நீக்கப்படும். போனில் கேட்டு அடித்ததற்கும் பொய் சொன்னதற்கும் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம், வேறு பிரிவுக்கு மாற்றல். அவளுக்கு அன்றிலிருந்து தற்காலிகப் பணிநீக்கம், முழு விசாரணை. முடியும்வரை வேறெங்கும் சேர முடியாது. நாற்பது லட்சம் பேரின் விவரமும் புதுச் சாவியால் திரும்பப் பூட்டப்படும். அதன் எந்தப் பாதியும் இனி இவர்கள் இருவருக்கும் இல்லை.

இருவரும் வெளியே வந்தார்கள். குறுகலான நடை. என்ன சொல்வது என்று தெரியாமல் அவள் நடுவில் நின்றாள். மன்னிப்பு என்ற சொல் தொண்டைவரை வந்து, வெட்கப்பட்டுத் திரும்பிப்போனது.

“அந்த வேலை கிடைச்சுதா?” என்றார் அவர்.

“கிடைச்சுது. இனிமே இல்ல.”

தலையாட்டினார். கோபம்கூட இல்லை அந்தத் தலையாட்டலில். கோபமாவது இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கொழுகொம்பு கிடைத்திருக்கும்.

“கொஞ்சம் வழி விடுங்க மேடம்” என்றார்.

அவள் ஒதுங்கி நின்றாள்.