நாற்பதாவது தோள்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை முதலில், ஐந்தாம் வகுப்புப் புத்தகத்துக்காக நான் எழுதிய ஒரு கணக்கு. 'வீட்டின் எடை 2400 கிலோ. ஒருவர் 60 கிலோ சுமப்பார். எத்தனை பேர் வேண்டும்?' வீட்டை யாராவது சுமப்பார்களா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் வாழ்க்கைப்பட்ட இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவுப் பக்கம் சுமப்பார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் ஊர் ஆண்கள் மூங்கில் கழி கட்டி, மரவீட்டை அப்படியே தூக்கிப் புது இடத்தில் வைத்துவிட்டு மீன்குழம்பு சாப்பிடுவார்கள்.

2

தென்ரி கணக்கு டீச்சர். ஆற்றங்கரையில் அவள் வீடு… (அடித்துவிட்டேன். ஆற்றை வர்ணிக்க ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.) ஆறு கரையைத் தின்றுகொண்டே வருகிறது, இந்த வெள்ளிக்கிழமை வீடு நகர்ந்தாக வேண்டும். 40 பேர் தேவை. கணவன் தாஹிரையும் சேர்த்து ஊரில் 39 பேர்தான் வருவார்கள்.

39 + x = 40.

அந்த x யாரென்று அவளுக்குத் தெரியும். அண்ணன் மப்பா. ஆறு வருடத்துக்கு முன் மப்பாவின் வீட்டை ஊரார் தூக்கிய நாளில் தாஹிர் மீன் பிடிக்கப் போய்விட்டான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கூப்பிடாமல் அவன் வர மாட்டான்.

3

"இருக்கிறவங்களே போதும் தென்ரி. வகுத்துப் பாரு. ஆளுக்கு ஒன்றரைக் கிலோ கூட, அவ்வளவுதான். ஒரு மீன்!* அதுக்குப் போய் உங்கண்ணன் வாசல்ல நிக்கணுமா?"

"கணக்குன்னா கணக்குதாங்க. ஒண்ணு குறைஞ்சாலும் தப்பு."

"அவரு குள்ளம் வேற. தோளு கழிக்கே எட்டாது. சும்மா கூட நடந்து வருவாரு."

"அன்னைக்கு நீங்க ஒழுங்கா வந்து தோள் கொடுத்திருந்தா எனக்கு இந்தக் கணக்கே வந்திருக்காது."

(* சரியாகச் சொன்னால் 1.538… கிலோ. மீன் தலையையும் சேர்த்து.)

இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. எட்டாத தோளைக் கணக்கில் சேர்க்கக்கூடாதென்று ஒரு டீச்சருக்குத் தெரியாதா? தெரியும். அவளுக்கு அண்ணன் வேண்டும். கணக்கைச் சாக்காக வைக்கிறாள். அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

4

முடிவு ஒன்று: மப்பா கதவைச் சாத்திக்கொள்கிறான். (எழுதினேன், மனசு கேட்கவில்லை.)

முடிவு இரண்டு: இருவரும் கட்டிப்பிடித்து… (மப்பா அப்படிப்பட்ட ஆள் இல்லை.)

நடந்தது இவ்வளவுதான்.

"அண்ணே, ஒரு ஆள் குறையுது."

மப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தான். "டீச்சருக்குக் கணக்கு மறந்துபோச்சா? என் தோளுக்கும் கழிக்கும் மூணு விரல் இடைவெளி இருக்கு."

அவள் திரும்பி நடந்தாள்.

"நில்லுடி." கொடியில் கிடந்த, கைலி மாதிரியான சரோங்கை உருவினான். "இதைத் தோள்ல வச்சுக்கறேன். ஒரு மடிப்பு அரை விரல் கனம் வரும். எத்தனை மடிப்பு மடிக்கணும்? நீயே சொல்லு."

சுலபமான கணக்கு. தென்ரி வாயைத் திறந்தாள். கண்ணீர்தான் வந்தது, விடை வரவில்லை. மப்பா சரோங்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். நீங்களாவது சொல்லிவிடுங்கள்.