மதுரை – திருச்சி: இருபத்தைந்து நிமிடம்

1

செட்டிகுளம் மலைக்கோயிலில் அன்று முகூர்த்த நேரத்தில் இருந்தவர்கள்: ஒரு வயதுக் குழந்தை யாழினி, அவள் தாய் கவிதா, தகப்பன் பிரேம்குமார், பெரம்பலூர் சம்பந்தி அமாவாசை, அவர் மனைவி பச்சையம்மாள், காது குத்த வந்த ஆசாரி, கவிதாவின் தகப்பன் செந்துறை வீரமுத்து. இல்லாதவன் தாய்மாமன் தமிழழகன். குழந்தையை அவன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும்.

அவன் இல்லாததைப் பற்றி அரியலூர் வரைக்கும் ஒரு பேச்சு உலவுகிறது. இந்தக் கதை பிறந்தது அதனால்தான்.

2

முதல் தொடக்கம்: மருமகன் பிரேம்குமார்தான் அந்தப் பயண நேரக் கணக்கை—

[அடித்துவிட்டேன். அடுத்தவன் மேல் பழி போட்டுத் தப்பிப்பது எங்கள் குடும்பத்தில் கிடையாது.]

இரண்டாம் தொடக்கம்: சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு டிக்கெட் இல்லை, மதுரைக்குத்தான் இருக்கிறது, காலை ஏழுக்கு இறங்கும் என்றான் தமிழழகன். முகூர்த்தம் பத்தரைக்குள். வீரமுத்து போனில் தேடினார். மதுரை விமான நிலையம், திருச்சி விமான நிலையம்: 123 கிலோமீட்டர், 25 நிமிடம்.

"நாலு வழி ரோடுடா. இருபத்தஞ்சு நிமிஷந்தான் போட்டுருக்கான். திருச்சிலேருந்து ஒரு மணி நேரம். டிக்கெட்டப் போடு."

"அவ்வளவு சீக்கிரமாவாப்பா?"

"நான் சொல்றேன்ல."

(அந்த வீட்டில் அப்பா சொன்னதற்கு மறுகேள்வி இல்லை. இதைப் பெருமையாகத்தான் எழுத ஆரம்பித்தேன்.)

3

ஒன்பதரைக்குப் போன் வந்தது. "அப்பா, இப்பதான் துவரங்குறிச்சி தாண்டுறேன். திருச்சிக்கே இன்னும் பாதி தூரம் இருக்கு."

வீரமுத்து அதே பக்கத்தை மறுபடி எடுத்தார். இருபத்தைந்துக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு விமானப் படம். வானத்தில் பறக்கிற நேரம். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

[இந்த இடத்தில் அவரை நல்லவராக்கிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவர் வாயே திறக்கவில்லை.]

"என்ன சம்பந்தி, கவிதா கல்யாணத்துல மால மரியாத செய்யலன்னு ஒங்க மவனுக்கு இன்னும் கோவம் போவலயா?" என்றார் அமாவாசை. "வேற யாரு மடியிலயாச்சும் வெச்சுக் குத்திருவோம்."

"எங்கண்ணன் வராம எம்புள்ள காதுல ஊசி படாதுங்க மாமா," என்றாள் கவிதா.

முகூர்த்தம் போயிற்று. கிளம்பப் பார்த்த ஆசாரியை டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தாள் பச்சையம்மாள்.

பதினொன்றரைக்குத் தமிழழகன் மூச்சு வாங்க மலைப்படி ஏறி வந்தான். சம்பந்தியின் முகத்தைப் பார்த்தான். தகப்பனின் முகத்தைப் பார்த்தான்.

"என் தப்புதாங்க மாமா. நேரத்தத் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்."

ஊசி பட்டதும் யாழினி அவன் மடியில் வீறிட்டாள். அவனுக்கும் கண் கலங்கியது. வீரமுத்து கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

4

ஒரு முடிவு: வீரமுத்து அங்கேயே உண்மையைச் சொல்கிறார். இன்னொரு முடிவு: திரும்பும்போது காரில் மகனின் கையைப் பிடித்துக்கொள்கிறார். இரண்டும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்வான். "சாப்பிட்டியா"வுக்கு அடுத்த வார்த்தை எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

பேச்சுக்கு மட்டும் பதில். தமிழழகன் பழைய கோபத்தில் வேண்டுமென்றே தாமதிக்கவில்லை. நேரத்தைத் தவறாகச் சொன்னவர் அவன் அப்பா வீரமுத்து. அதாவது, நான்.